மாவுக்கட்டும் மூன்று மாதக் கணக்கும்

பொங்கலுக்கு மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு ராயபுரம் வந்திருந்தேன். காணும் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஐஸ் கரைந்து ஓடிய தண்ணீரில் கால் வழுக்கியது. வலது கையில் மீன் பை. அதை விட மனசு வரவில்லை, இடது கையை ஊன்றிவிட்டேன். மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கீழே உட்கார்ந்தபடியே எனக்கு வந்த முதல் யோசனை எலும்பைப் பற்றியது இல்லை, கியரைப் பற்றியது. 2022 கடைசியில் இங்கிலாந்து போனேன். வீடு வீடாகப் போய் வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் மாத்திரை, எட்டு மணிக்கு ஆறு மைல் தள்ளி இன்னொரு வீட்டில் குளியல். நடுவில் பஸ் என்று ஒன்று உண்டு, அது வரும்போது வரும். கார் இல்லையென்றால் வேலை இல்லை. நம்மூர் மாதிரியே அங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம். அதனால் கியர் இடது கைக்கு. என் காரில் இண்டிகேட்டரும் அதே பக்கம்தான்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்றார்கள். அத்தை புத்தூர் கட்டுக்குக் கூப்பிட்டார். நான் போகவில்லை, ஆனால் பத்து நாளாகியும் வலி போகாதபோது போயிருக்கலாமோ என்று தோன்றியது. அப்புறம் ஸ்டான்லிக்குப் போனோம். கை அறுவை சிகிச்சைக்கென்றே டாக்டர் வெங்கடசாமி உருவாக்கிய பிரிவு அங்கே இருக்கிறது. மெஷினில் கை கொடுத்த தொழிலாளிகள் எத்தனையோ பேருக்கு விரலை மீட்டுக் கொடுத்த இடம். டாக்டர் என் கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னார். விரலின் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும் இல்லையா, தாத்தா மூக்குப்பொடியைத் தட்டி வைத்து உறிஞ்சுவாரே, அதே இடம். அங்கே ஒரே ஒரு விரலால் அழுத்தினார். ஐயோ என்று கத்திவிட்டேன். திரும்ப எடுத்த எக்ஸ்ரேயில் கோடு தெரிந்தது. படகு மாதிரி இருக்கும் சின்ன எலும்பாம். விழுந்த உடனே எடுத்தால் பல சமயம் விரிசல் தெரியாது. ரத்த ஓட்டம் குறைவான எலும்பு, அதனால் கூடுவதற்கும் நாளாகும். எட்டு வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் என்றார்.

முழங்கைக்குக் கீழே தொடங்கிக் கட்டை விரல் வரை மாவுக்கட்டு. தெருமுனையில் பையன்கள், "இன்னாக்கா, பாத்ரூம்ல வழுக்கி வுந்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் ஜோக். வடசென்னையில் மாவுக்கட்டோடு நடந்தால் இதைக் கேட்காமல் தெருவைத் தாண்ட முடியாது.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். மாடியில் உட்கார்ந்து டி.வி.எல்.ஏ. விதிகளைப் படித்தேன். ஸ்வான்சீயில் இருக்கும் பிரிட்டிஷ் லைசன்ஸ் அலுவலகம் அது. எலும்பு முறிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது என்றால் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குள் சரியாகிவிடும் என்றால் வேண்டாம், எப்போது ஓட்டலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் போதும். தெரிவிக்க வேண்டியதை மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். பன்னிரண்டு வாரமும் மூன்று மாதமும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? இந்த எலும்பு சரியாக அந்தக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த லைசன்ஸை நான் எப்படி வாங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும். தண்டையார்பேட்டையில் எட்டுப் போட்டு, காரும் ஓட்டிக் காட்டி வாங்கிய இந்திய லைசன்ஸ் அங்கே குடியேறியதிலிருந்து 12 மாதம்தான் செல்லும். மாற்றித் தர மாட்டார்கள், புதிதாகத்தான் எழுத வேண்டும். 50 கேள்வியில் 43 சரியாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினேன். ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை ஃபெயில், 2024-ல் மூன்றாவது தடவை பாஸ். அடுத்தது இன்ஷூரன்ஸ். புது லைசன்ஸ்காரி என்று பிரீமியம் பழைய காரின் விலையில் பாதியைத் தொட்டது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. சொந்த உபயோகம், ஒரே வேலையிடத்துக்குப் போய்வருவது, தொழில் உபயோகம் என்று பாலிசியிலேயே தனித்தனிப் பிரிவு. நோயாளி வீட்டிலிருந்து இன்னொரு நோயாளி வீட்டுக்குப் போவது தொழில் உபயோகம். அதை நீங்களே பார்த்து டிக் செய்ய வேண்டும். அங்கே புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் அதுதான்.

சென்னையில் மதியம் இரண்டரை என்றால் அங்கே காலை ஒன்பது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டபின் ஒரு பெண் வந்தார். "ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னாரா?" என்றார். "இன்னும் சொல்லவில்லை." "வண்டி முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருக்குமா?" "அதைத்தானே உங்களிடம் கேட்கிறேன்?" அவர் பொறுமையாகச் சொன்னார்: தற்காலிகக் காயம், பாலிசியில் பதிய வேண்டியதில்லை, ஆனால் ஓட்டுவதற்குத் தகுதியாக இருப்பது உங்கள் பொறுப்பு. அதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். ஸ்டான்லி டாக்டரிடமும் கேட்டேன். "பிரேக் அடிக்கக் கால் போதும்மா. அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்க முடியுமா? உனக்கே தெரியும்" என்றார். ஆக, யாரிடம் கேட்டாலும் கேள்வி என்னிடமே திரும்பி வந்தது.

தம்பிக்கு இது விளங்கவே இல்லை. ஹார்பருக்குச் சரக்கு அடிக்கும் குட்டி யானை ஓட்டுகிறான்.

"கட்டோட ஓட்டக் கூடாதுன்னு அங்க சட்டம் கீதா?"

"அப்படி ஒரு வரி இல்லடா."

"அப்புறம் இன்னாக்கா? நம்ப பசங்க ஒத்தக் கையில போன வச்சிக்கினே ஓட்டுறானுங்க."

தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் பற்றி அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாட்டுச் சட்டமும் 1988-ல் வந்ததுதான், இரண்டிலும் அது கட்டாயம். இங்கே கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கட்டிவிட்டு வண்டிக்காரரிடம் வசூல் பண்ணும் கதையை அவன் கூட்டாளி ஒருவன் அனுபவத்திலேயே பார்த்திருக்கிறான். அங்கேயும் ஏறக்குறைய அதேதான் என்றேன். ஓட்டுகிறவரின் உடல் நிலையைக் காட்டி அடிபட்டவருக்குக் கம்பெனி கையை விரிக்க முடியாது. ஆனால் அந்தப் பணத்தை என்னிடம் கேட்கலாம், என் காருக்கான க்ளெய்மிலும் தகராறு பண்ணலாம். அதைவிடப் பெரிய பயம், தப்புக்கு லைசன்ஸில் ஏற்றும் பாயிண்ட். அஜாக்கிரதையாக ஓட்டினால் 3 முதல் 9 வரை போடுவார்கள். பாஸான இரண்டு வருஷத்துக்குள் 6 சேர்ந்தால் லைசன்ஸ் ரத்து. மறுபடி எல் போர்டு, எழுத்துத் தேர்வு, எல்லாம் முதலிலிருந்து.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சாவியை எடுத்தான். "வா, ஏறிப் பார்த்துடலாம்."

வீட்டு வாசலில் நின்ற குட்டி யானையில் ஏறினேன். இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். நாலு விரலால் தள்ளினால் விழுந்தது. இரண்டாவதுக்கு இழுக்க வேண்டும். இழுக்கக் கட்டை விரல் வேண்டும், அது மாவுக்குள் இருந்தது. உள்ளங்கையை வளைத்துக் குமிழைக் கொக்கி போட்டு இழுத்தேன். மூக்குப்பொடிப் பள்ளத்தில் சுருக்கென்றது. விழவில்லை. என்னை அறியாமல் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கியரைப் பிடித்திருந்தேன்.

"பிரேக்கு!" என்று தம்பி கத்தினான். வேண்டுமென்றேதான். கால் உடனே போய்விட்டது. ஸ்டியரிங்கில் ஒரு கைகூட இல்லை.

அன்று மதியமே இரண்டரை மணிக்கு மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். கட்டுப் பிரித்து, அங்கே டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை வண்டி எடுக்க மாட்டேன், பத்து வாரம் ஆகியும் கை சரியாகாவிட்டால் டி.வி.எல்.ஏ.வுக்கு எழுதிவிடுவேன் என்றேன். ஆபீஸில் போன் எடுக்கும் வேலை வாரம் இரண்டு நாள் தரலாம், மிச்சத்தைப் பார்க்கலாம் என்றார். அதுவும் கிடைக்காவிட்டால் அரசாங்கக் கணக்கில் நோய் விடுப்புக்கு அப்போது, 2024-25-ல், வாரம் 116.75 பவுண்டுதான். வாடகைக்கே பத்தாது. அம்மாவிடம் அந்தத் தொகையை மட்டும் சொல்லவில்லை.

தம்பி கதவைத் திறந்து நின்றான். "நவுருக்கா, நான் எடுக்கறேன். காசிமேடு போலாம். இந்தத் தபா பைய நான் தூக்கறேன்."