‘கிரேடு 8-க்கு மேல்’ என்றால் எவ்வளவு மேல்?

ஷோப்பான் பியானோவுக்கு எழுதிய ஜி மைனர் பல்லாட் (ஓபஸ் 23) என்ற படைப்பு என் கைக்கு எட்டுமா, எட்டாதா? இந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் வாங்குவதற்குள் சென்னையில் நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். பியானோ பரீட்சையில் கிரேடு 8 முடித்துவிட்டு, அடுத்து எதை எடுப்பது என்று யோசிக்கிற யாருக்காவது உதவும்.

முதலில், எந்தப் படைப்பு எவ்வளவு கஷ்டம் என்று தரம் பிரிக்கும் பட்டியல்கள். பாதிப் பட்டியல்களில் ‘கிரேடு 8-க்கு மேல்’ என்று போட்டிருந்தார்கள். இதெல்லாம் ஒரு பதிலா? பரீட்சைக் கிரேடுகள் எட்டோடு முடிந்துவிடும், அதற்கப்புறம் டிப்ளோமாதான். எட்டை லேசாகத் தாண்டிய ஒன்றும், பலகிரெவின் ‘இஸ்லாமே’யை விடக் கஷ்டமாக இருக்க வேண்டும் என்று ராவெல் வேண்டுமென்றே எழுதிய ‘ஸ்கார்போ’வும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன. இசைப் பிரதிகள் வெளியிடும் ஹென்லே பதிப்பகத்தின் 1 முதல் 9 வரையிலான கஷ்ட அளவு எவ்வளவோ தேவலாம். வேகமான நோட்டுகளை மட்டும் எண்ணாமல் தாளச் சிக்கல், முதல் தடவை படிக்கும்போது வரும் சிரமம், அமைப்பு பிடிபடுமா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு படைப்பு முழுவதற்கும் ஒரே எண். பல்லாட் விஷயத்தில் வம்பே அங்கேதான். மொத்தம் 264 பார் (தாளக் கணக்கில் பிரித்த சிறு பகுதி). 207 வரை ஒரு கதை, 208-இல் ‘பிரெஸ்டோ கோன் ஃபுவோகோ’ (நெருப்போடு மிக வேகமாக) என்று கோடா, அதாவது முடிவுப் பகுதி, தொடங்கியதும் வேறு கதை. வாசித்தால் ஒரு நிமிடத்துக்கு முன்பின் தான் வரும், ஆனால் கழுத்தை அறுப்பது அந்த ஒரு நிமிடம்தான்.

சரி, பட்டியல் வேண்டாம், ஆளிடமே கேட்போம் என்று ஊரின் மறுகோடியில் இருக்கும் ஓர் ஆசிரியரிடம் நேரம் வாங்கினேன். நல்ல பெயர் உள்ளவர், கட்டணமும் அதற்கேற்றபடி. ஆரம்ப லார்கோவையும் (மிக மெதுவான பகுதி) அதற்கடுத்து வரும் மொடராட்டோவையும் (மிதமான வேகம்) வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நடுவில் அவருக்கு இரண்டு போன் வந்தன. “நல்லாத்தான் வருது, ஆறு மாசத்துல முடிச்சிடலாம்” என்றார். “சார், கோடா?” என்று இழுத்தேன். “அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, ஆறு மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால்தான் இடத்தைப் பிடித்து வைக்க முடியும் என்றார். கட்டினேன்.

யார் வாசித்தாலும் முதல் இரண்டு பக்கம் ‘நல்லாத்தான்’ வரும். மொடராட்டோவில் நோட்டுகள் குறைவு, விரலுக்குப் பெரிய வேலை இல்லை. மெலடியை மட்டும் மேலே எடுத்துக் காட்டி, கூட வரும் கோர்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) அடக்கி வாசிப்பதில்தான் கஷ்டம். அது காது சம்பந்தப்பட்ட கஷ்டம், விரல் சம்பந்தப்பட்டதல்ல. அதை வைத்துக் கோடாவுக்குத் தேதி குறிக்க முடியாது.

நானே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பியபோது பிரதியே காலை வாரியது. இலவசமாகக் கிடைத்த பழைய ஸ்கேனை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு வந்தது. போனது எது தெரியுமா? இடது கையின் கீழ் ஆக்டேவ்கள் (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து அடிப்பது). கோடாவைக் கணிக்க வேண்டிய பக்கத்தில் அவைதான் முக்கியம். போதாக்குறைக்கு அந்த மாதிரிப் பழைய பதிப்புகளில், 7-ஆம் பாரில் ஷோப்பான் எழுதிய ஈ ஃபிளாட்டைத் தப்பென்று நினைத்து டி-யாகத் ‘திருத்தி’ அச்சிட்டதும் உண்டு. ஃபிங்கரிங்கும் (எந்த நோட்டுக்கு எந்த விரல் என்ற குறிப்பு) பதிப்பாளரின் கைக்குப் போட்டது, நம் கைக்கல்ல. முதலிலேயே நல்ல ஊர்டெக்ஸ்ட் (இசையமைப்பாளர் எழுதியதை அப்படியே தரும்) பதிப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள்.

அடுத்து பியானோ. வீட்டில் இருப்பது டிஜிட்டல் என்பதால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஓர் அறைக்குப் போனேன். பழைய அப்ரைட் (நிமிர்ந்து நிற்கும் பியானோ), மழைக்காலம். ஈரப்பதத்தில் ஊறி, அழுத்திய கட்டை மேலே எழும்பவே யோசித்தது. கட்டை முழுக்க மேலே வருவதற்குள் திரும்ப அடிக்க வசதி செய்வது பியானோ தயாரிப்பாளர் எரார் 1821-இல் காப்புரிமை வாங்கிய இரட்டை எஸ்கேப்மென்ட் என்ற பொறியமைப்பு. கிராண்டில் (படுக்கைவாட்டில் நீளும் பெரிய பியானோவில்) அது இருக்கும், அப்ரைட்டில் பெரும்பாலும் இருக்காது. தடுமாறுவது என் விரலா, அந்தப் பியானோவா என்று கடைசி வரை தெரியவில்லை. அறை வாடகை தண்டம்.

பதில் கிடைத்தது எங்கள் பக்கத்துச் சர்ச்சில் வெகுகாலம் ஆர்கன் வாசித்த மிஸ்ஸிடம். புத்தகத்தை விரித்ததும் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போனார்.

“208-லேர்ந்து நாலு பார். இடது கை மட்டும் வாசிப்பா.”

பாஸ் நோட்டை அடித்துவிட்டு உடனே மேலே கோர்டுக்குத் தாவ வேண்டும், திரும்பக் கீழே வர வேண்டும். மெதுவாக வாசித்தேன், வந்தது.

“இப்ப கையைப் பார்க்காம.”

வரவில்லை.

“வலது கை?”

இரட்டை நோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இடம். நாலு பார் முடிவதற்குள் முன்கை இறுகிவிட்டது. மிஸ் என் மணிக்கட்டுக்கு மேலே லேசாகத் தொட்டுப் பார்த்து, “இங்க வலிக்குதா?” என்றார். “ஆமாம் மிஸ்.” “அப்ப உனக்கு நோட்டு கஷ்டமில்ல, தசை கஷ்டம். அது வேற கணக்கு.”

அவர் சொன்ன வழி: கடினமான நாலு பாரை மட்டும் எடுத்துக்கொள். பாதி வேகத்தில் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வை. தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சில வாரம் கழித்து, காலையில் வார்ம்-அப் எதுவும் இல்லாமல் உட்கார்ந்ததும் அதை வாசி. முன்கை இறுகாமல் வேகம் ஏறியிருந்தால் படைப்பு உன்னுடையது. ஏறாமல் வலி மட்டும் மிச்சமானால் இப்போதைக்கு மூடிவை. வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டப் பார்க்காதே என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். இதே சோதனையை 106-ஆம் பாரில் ஏ மேஜரில் உரக்க வரும் இடத்திலும், இரண்டு கையும் இரு பக்கத்திலிருந்து ஆக்டேவில் நெருங்கி வரும் முடிவிலும் செய்யச் சொன்னார். கை எவ்வளவு விரியும் என்பது அங்கே தெரிந்துவிடும். நடுவில் வேகம் குறைந்து வரும் மெனோ மோஸோவைப் பற்றிக் கேட்டேன். “அது எல்லாருக்கும் வரும். அதை வாசிச்சுக் காட்டித்தான் எல்லாரும் ஏமாத்துறாங்க” என்று சிரித்தார்.

மறக்காமல் இன்னொன்று: பதிவுகளைக் கேட்டு வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். எந்த வேகத்தில் ஒவ்வொரு நோட்டும் தெளிவாக விழுகிறதோ அதுதான் இப்போதைக்கு உங்கள் பிரெஸ்டோ. அந்த வேகத்தில் கோடா கோடாவாகவே கேட்கவில்லை என்றால், படைப்பு இன்னும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

இடது கைத் தாவல் இப்போது பார்க்காமலேயே வருகிறது. வலது கை வேகம் ஏறியிருக்கிறது, இறுக்கம் பாதி குறைந்திருக்கிறது. மிஸ்ஸின் தீர்ப்பு: எடுக்கலாம், ஆனால் ஆறு மாதம் என்ற பேச்சே வேண்டாம், கோடாவிலிருந்து பின்னோக்கிப் படி. அப்படியே செய்கிறேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று அந்த ஆசிரியரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. எந்த வாரத்துக்கு அடுத்த வாரம் என்றுதான் சொல்லவில்லை.