சாம்பல் காருக்குள் பச்சை எஞ்சின்

2024 பெப்ரவரி 4, ஞாயிறு

இன்று மொறிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றி இறக்கினோம். மாமரக் கொப்பில் செயின் புளொக்கைக் கட்டித் தூக்க அரை மணித்தியாலம் பிடித்தது. அப்பா விறாந்தையில் கதிரை போட்டு இருந்து, ஒவ்வொரு முறை சங்கிலி கிறீச்சிடும்போதும் "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1978-இல் அவர் இந்தக் காரை வாங்கிய பிறகு எஞ்சின் முழுதாக வெளியே வந்தது இதுதான் முதல் தடவை.

முற்றத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சில்வர். புளொக், ஹெட், ரொக்கர் கவர், போல்ற், தண்ணீர்ப் பம்ப், எதுவும் தப்பவில்லை. அந்தச் சில்வருக்கு மேல் விரல் தடிப்பில் ஒயில் ஊத்தை. மெக்கானிக் அண்ணை, "தம்பி, கறுப்பு அடி, இல்லாட்டிச் சிவப்பு அடி. பொனற்றைத் திறந்தா எடுப்பா இருக்கும்" என்றார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எடுப்பு எனக்கு வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தின் கௌலித் தொழிற்சாலையில் செய்த கார் இது. அங்கிருந்து வெளிக்கிடும்போது எஞ்சின் என்ன நிறத்தில் இருந்ததோ, அதுதான் வேண்டும்.

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

வேலையால் வந்து ஒரு மணித்தியாலம் மண்ணெண்ணெயும் தூரிகையுமாக இருந்தேன். வலது பக்கத்தில், டைனமோ பூட்டுகிற இடத்துக்கு மேலே உள்ள சின்னத் தகடு வெளித்தது. 9எம்-யு-எல், அதற்குப் பிறகு இலக்கங்கள். 9 என்றால் 948 சிசி. எம் என்றால் மொறிஸ். கடைசி எழுத்துத்தான் எனக்குப் புதினமாக இருந்தது. எல் என்பது குறைந்த கொம்பிறெசன், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் கலவையை அவ்வளவு இறுக்கி அமுக்காத விதம். இந்த எஞ்சினை 8.3-க்கு 1 என்றும் 7.2-க்கு 1 என்றும் இரண்டு விதமாகச் செய்தார்கள். தரம் குறைந்த பெற்றோல் கிடைக்கிற நாடுகளுக்குப் போனது இரண்டாவது விதம். எங்களுடையது அதுதான்.

எண் பொருந்துகிறது. இது காரோடு வந்த எஞ்சின்தான், இடையில் யாரும் மாற்றவில்லை. அப்படியென்றால் முதல் நிறமும் இதில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 10, சனி

கிடைத்துவிட்டது!

இடது பக்கத்தில், காற்றும் புகையும் போகிற குழாயான மனிஃபோல்டுக்குப் பின்னால், வால்வுகளைத் தள்ளுகிற ரப்பெற்றுகளை மூடும் இரண்டு ரப்பெற் கவர்கள் இருக்கின்றன. உள்ளங்கை அளவுத் தகரம்தான். மனிஃபோல்ட் மறைப்பதால் அந்த இடத்துக்குத் தூரிகையும் ஒழுங்காகப் போகாது, துணியும் போகாது. வருடக்கணக்கான ஒயில் அங்கே தார்போல இறுகிக் கிடந்தது. அந்த ஊத்தைதான் அடியில் இருந்த பெயின்ற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

முன் கவரைக் கழற்றிக் கழுவி, 1200 நம்பர் சான்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தை வட்டமாகத் தேய்த்தேன். இதில் அவசரப்படக்கூடாது. நாலு சுற்றுத் தேய்க்க வேண்டும், துடைக்க வேண்டும், பார்க்க வேண்டும். முதலில் சில்வர் கரைந்தது. அதற்குக் கீழே நீலம், ரக்ரருக்கு அடிக்கிற அதே நீலம். அப்பாவுக்கு முன் காரை வைத்திருந்தவருக்கு வயல் இருந்தது என்று கேள்வி, மிஞ்சிய ரின்னை இதற்கு அடித்திருப்பார் போல. நீலமும் விலக, நடுவில் பச்சை வந்தது. அதற்குக் கீழே வெறும் இரும்பு. மரத்தைக் குறுக்கே அரிந்தால் தெரிகிற வளையங்கள்போல நாலு வட்டம், ஒன்றுக்குள் ஒன்று.

1952-இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகிப் பிஎம்சி என்ற ஒரே கம்பனி ஆனபோது, மைனருக்குள் ஒஸ்ரினுடைய ஏ-சீரிஸ் எஞ்சின் வந்தது. இந்தப் பச்சை அந்த வீட்டுப் பச்சை. அதே பிஎம்சி தன் எம்ஜி ஏ காருக்குக் கொடுத்த எஞ்சினை மறூன் நிறத்தில் அனுப்பியது. ரையம்ப் கம்பனிக் கார் என்றால் கறுப்பு. அமெரிக்காவின் ஃபோர்ட் 1966 முஸ்ராங்குக்கு நீலம் அடித்தது, அதற்கு முந்திய வருடத்து 289 எஞ்சினுக்கோ கறுப்புப் புளொக்கும் பொன்னிற ரொக்கர் கவரும். விஷயம் தெரிந்த ஒருவர் பொனற்றைத் திறந்தால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இன்னொன்றையும் இன்று கண்டேன். போல்ற் தலைகளின் பள்ளத்திலும் பச்சை இருக்கிறது. கசியாமல் இடையில் வைக்கிற காஸ்கெற்றின் வெளி ஓரத்திலும் ஒரு நூல் அளவுக்குப் பச்சை. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு மொத்தமாக ஸ்பிறே செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு போல்ற்றையும் தனித்தனியே மினுக்கி வைத்தால் பார்க்க வடிவு, ஆனால் தொழிற்சாலை வேலை அப்படி இருக்கவில்லை.

2024 பெப்ரவரி 11, ஞாயிறு

காலையில் கவரை அப்பாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உந்தப் பச்சையை நான் ஒருநாளும் காணேல்லை. நான் வாங்கேக்க நீலம். சில்வர் நான் அடிச்சனான்."

"ஏனப்பா சில்வர்?"

"மண்ணெண்ணெயில ஓடின காலம் தம்பி. எங்க கசிஞ்சாலும் சில்வரில உடன தெரியும்."

1990-க்குப் பிறகு, யுத்த காலத்தில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. எங்கள் ஊரில் மைனரும் ஒஸ்ரின் ஏ40-யும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் தண்ணீர்போல ஆகிவிடும். அப்பா ஒவ்வொரு காலையும் டிப் ஸ்ரிக்கை இழுத்து மணந்து பார்ப்பது எனக்கு நன்றாக ஞாபகம். குறைந்த கொம்பிறெசன் எஞ்சின் என்றபடியால்தான் தட்டாமல் தாங்கியது என்று இப்போது விளங்குகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, அம்மம்மாவையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு, சனத்துக்குள் நத்தைபோல ஊர்ந்து நாவற்குழி கடந்து சாவகச்சேரி போனதும் இதே எஞ்சின்தான்.

அந்தச் சில்வரை உரிக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "பச்சையைக் கொண்டுவா. பாப்பம்."

2024 பெப்ரவரி 17, சனி

கண்ட பச்சையை அப்படியே நம்பமுடியாது. எண்ணெய்ப் பிசின் கலந்த பழைய எனாமல், வெளிச்சம் படாமல் இருளில் கிடந்தால் மஞ்சளித்துவிடும். மேலே மஞ்சள் ஏறினால் பச்சை ஒலிவ் நிறமாகத் தெரியும். வெயிலில் வைத்தால் அந்த மஞ்சள் பெருமளவு வெளுக்கும். ஆகவே கவரின் பச்சையை அகலமாகத் திறந்து, பாதியை ஒரு தகரத் துண்டால் மூடி, கிணற்றுக் கட்டில் வைத்திருக்கிறேன்.

2024 பெப்ரவரி 27, செவ்வாய்

பத்து நாள் வெயில். தகரத்தை எடுத்தேன். மூடிய பாதி கறிவேப்பிலை முற்றிக் காய்ந்த நிறம். திறந்த பாதி அதைவிடத் தெளிவு, மண்நிறம் விலகி நல்ல நடுத்தரப் பச்சை. இனி அளவுகோல் இந்தத் திறந்த பாதிதான்.

ரவுணில் பெயின்ற் கலக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கருவியை வைத்து அளந்து கொடுத்த கலவை கடைக் குழல்விளக்கில் அச்சாகப் பொருந்தியது. தெருவுக்கு வந்தால் நீலம் கூடிவிட்டது. திரும்பப் போய்க் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கச் சொன்னேன், பிறகு ஒரு துளி கறுப்பு. மூன்றாம் தடவை வெயிலிலும் நிழலிலும் சரி. கலக்கிற பெடியன் முகம் சுளிக்காமல் செய்து தந்தான், நல்லாயிருக்கட்டும்.

வீட்டில் இரண்டு தகரத்தில் அடித்துப் பார்த்தேன். அடிப்பூச்சாகச் சிவப்பு ஒக்சைட் பிறைமர் அடித்து அதற்கு மேல் மெல்லிசாக அடித்தால் பச்சை மங்கிப் பழுப்பேறுகிறது. சாம்பல் பிறைமருக்கு மேல் அப்படியே நிற்கிறது. சாம்பல்தான்.

2024 மார்ச் 3, ஞாயிறு

உரித்துக் கழுவி முடிந்தது. எங்கள் உப்புக் காற்றில் வெறும் வார்ப்பிரும்பை ஒரு இரவு விட்டால் விடியத் துருப் பூத்திருக்கும். அதனால் காய்ந்த கையோடு பிறைமர்.

எதற்கு அடிப்பதில்லை என்பதும் முக்கியம். காபரேற்றரும் கியர் பெட்டியும் அலுமினியமாகவே இருக்கும். டைனமோவும் ஸ்ராட்டரும் லூக்காஸ் கறுப்பு. எக்சோஸ்ற் மனிஃபோல்டில் எந்தச் சாதாரண எனாமலும் நிற்காது, எரிந்து உரியும். புளொக்கில் அந்தக் கவலை இல்லை. தண்ணீரின் சூட்டைத் தாண்டி அது பெரிதாகச் சுடாது, நல்ல எனாமல் தாங்கும்.

2024 மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. அம்மா கோயிலுக்குப் போய்விட்டா. காற்றில்லை, தூசியில்லை. காலை எட்டு மணிக்கு ஸ்பிறே கன்னை எடுத்தேன். போல்ற், காஸ்கெற் ஓரம் எல்லாம் சேர்த்து, பூட்டியபடியே இரண்டு மெல்லிய பூச்சு. மூன்றாவது அடிக்கக் கை துடித்தது, அடிக்கவில்லை. தடித்தால் வார்ப்பு எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிடும்.

பின் ரப்பெற் கவரை மட்டும் உரிக்கவில்லை. அப்பாவின் சில்வர் அதில் அப்படியே இருக்கிறது. ஊத்தையை மட்டும் கழுவி, பெயின்ற் படாமல் கடதாசி ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அடித்தேன். தொழிற்சாலை நிறத்துக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு இதை விட்டது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். சரிதான். மனிஃபோல்ட் ஏறினால் வெளியே தெரியாது.

பின்னேரம் அப்பா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து எஞ்சினைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இடது பக்கம் வந்ததும் குனிந்தார்.

"இதை ஏன் விட்டனி?"

"நீங்கள் அடிச்சதப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காஸ்கெற்றை மட்டும் புதுசாப் போடு. அதிலதான் கசியிறது" என்றார்.