அளந்த கோடும் ஊகித்த கோடும்

வீதி விபத்து நடந்து ஒன்றிரண்டு மணித்தியாலங்களுக்குள் வாகனங்கள் ஓரமாக்கப்பட்டு, கண்ணாடிச் சிதறல்கள் கூட்டி ஒதுக்கப்பட்டு, போக்குவரத்து வழமைக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் அவ்விபத்துத் தொடர்பான வழக்கோ காப்புறுதிக் கோரிக்கையோ முடிவதற்குப் பல ஆண்டுகள் செல்லக்கூடும். அதற்குள் ரயர்த் தடம் அழிந்துவிடும், வீதி அகலிக்கப்படலாம், கிடுகுவேலி மதிலாகலாம். பிறகு எஞ்சியிருப்பவை அன்று எடுத்த அளவுகளும், சில புகைப்படங்களும், அவற்றைக் கொண்டு விபத்து நடந்த இடத்தை அளவுப்படி வரைந்த ஒரு தாளும் மாத்திரமே. நில அளவையாளர் அலுவலகமொன்றில் படவரைஞராக வேலை செய்வதால், யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணிகள் சிலர் கேட்டுக்கொண்டதன் பேரில் இத்தகைய தாள்களைக் கணினியில் வரைந்து வருகிறேன். அந்த வேலை நடைபெறும் விதத்தையும், அதில் நான் விட்டுக்கொடுக்காமல் நிற்கும் ஒரு விடயத்தையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் அளவுநாடாவுடன்தான் தொடங்குகின்றன. நேரான வீதியென்றால் ஓர் அடிக்கோட்டைத் தெரிவுசெய்து, அக்கோட்டின் வழியே எவ்வளவு தூரம், அதற்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு அளவுகள் எடுத்தாற் போதும். கொங்கிறீற் விளிம்புள்ள வீதிகளில் அவ்விளிம்பே அடிக்கோடாகிவிடும். எங்கள் உள்வீதிகளிலோ தாரின் ஓரம் உடைந்து மண்ணுக்குள் மறைந்து கிடப்பதால், இரண்டு மின்கம்பங்களுக்கிடையே நூல் கட்டி அடிக்கோட்டை நாமே அமைக்க வேண்டியிருக்கிறது. வளைவுகளில் இந்த முறை சரிவராது. அங்கே மதகின் மூலை, மின்கம்பம், கிலோமீற்றர் கல் என்று அசையாத இரண்டு இடங்களிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ள தூரத்தை அளக்கிறோம். கணினியில் அத்தூரங்களை ஆரைகளாகக் கொண்டு இரண்டு வட்டங்கள் வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடமே நாம் தேடும் புள்ளி. இரண்டு வட்டங்கள் இரண்டு இடங்களில் வெட்டுமாதலால், புள்ளி எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைக் களத்திலேயே குறித்துக்கொள்வது அவசியம். வட்டங்கள் ஒன்றையொன்று உரசுவதுபோல் மிகச் சாய்வாக வெட்டினால், நாடாவில் ஏற்பட்ட சில சென்ரிமீற்றர் வித்தியாசம் தாளில் பன்மடங்காகிவிடும். அவ்வாறு நேருமானால் வேறொரு கம்பத்திலிருந்து மீண்டும் அளப்பதே நல்லது.

மென்பொருளைப் பொறுத்தவரை, மைக்ரோசொவ்ற் விசியோவும் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் ட்ரோவும் இந்த வேலைக்குப் போதுமானவை. இரண்டிலும் அளவிடையைக் குறித்துவிட்டு, உண்மையான மீற்றர்களிலேயே வரையலாம். 1:200 அளவிடையில், அதாவது தாளின் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தின் இரண்டு மீற்றராக இருக்கும்போது, கிடையாக வைத்த ஏ4 தாளில் ஏறத்தாழ 59 மீற்றர் நீளமும் 42 மீற்றர் அகலமுமான இடம் அடங்கும். ஒரு சந்திக்கு அது தாராளம். அளவிடையை எண்ணாக மட்டும் எழுதாமல், மீற்றர் பிரித்த ஒரு கோடாகவும் தாளில் வரைந்துவிட வேண்டும். பிரதியெடுக்கும்போது தாள் சுருங்கினாலும் விரிந்தாலும் அந்தக் கோடும் கூடவே சுருங்கி விரிவதால், பார்ப்பவர் ஏமாற மாட்டார்.

இத்தகைய மென்பொருட்களுடன் வரும் வாகன உருவங்கள் பெரும்பாலும் அமெரிக்க வீதிகளை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டவை. அவற்றில் வாகனங்கள் வலப்பக்கமாக ஓடுகின்றன, முச்சக்கர வண்டி இல்லை, லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரம் இல்லை, பின்னிருக்கையில் பாய் கட்டிய சைக்கிளும் இல்லை. ஆகவே எங்களூர் வாகனங்களை நானே அளந்து வரைந்து சேர்த்து வைத்திருக்கிறேன். வழமையான முச்சக்கர வண்டி ஏறத்தாழ 2.6 மீற்றர் நீளமும் 1.3 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் இடத்தில் ஒரு சிறிய காரின் உருவத்தை வைத்துவிட்டால், ஒடுங்கிய வீதியில் விலகிச் செல்ல இடம் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்குத் தாள் பிழையான பதிலைச் சொல்லும்.

இனி நான் விட்டுக்கொடுக்காத விடயத்துக்கு வருகிறேன். பொலிஸார் கையால் வரையும் பருமட்டான படத்தைப் பார்க்கும் எவரும் அது பருமட்டானது என்பதை உடனே உணர்ந்துகொள்வார். கணினியில் வரைந்த கோட்டுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. நாடா பிடித்து அளந்த பிறேக் தடமும், சாட்சி ஒருவர் கையைக் காட்டிச் சொன்ன பாதையும், நானாக ஊகித்த மோதற்புள்ளியும் ஒரே தடிப்பில், ஒரே கறுப்பில், ஒரே உறுதியுடன் தாளில் நிற்கும். நீதவானுக்கு அவற்றை வேறுபடுத்த வழியில்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் மூன்று அடுக்குகளாகவே வரைகிறேன்: அளந்தவை முழுக்கோட்டில், சாட்சிகள் சொன்னவை முறிகோட்டில் அவரவர் அடையாள எழுத்துடன், கணித்தவையும் ஊகித்தவையும் புள்ளிக்கோட்டில். அளந்த அடுக்கை வரைந்து முடித்ததும், பிறகு மாற்ற முடியாதபடி மென்பொருளில் பூட்டிவிடுகிறேன். முதல் அடுக்கை மட்டும் அச்சிட்ட தாள் ஒன்றும், மூன்றும் சேர்ந்த தாள் ஒன்றும் எப்போதும் ஒன்றாகவே என் கையிலிருந்து செல்லும். முதல் தாளில் வெறும் வீதியும் இரண்டு தடங்களும் ஒரு கண்ணாடிச் சிதறலும் மட்டும் இருப்பதைக் கண்டு ஏமாற்றமடைபவர்கள் உண்டு. உண்மையில் தெரிந்தது அவ்வளவுதான் என்பதை அந்தத் தாளே சொல்கிறது.

வேகக் கணிப்புக்கும் இது பொருந்தும். சில்லுகள் எல்லாம் இறுகிச் சமதரையில் சறுக்கிய வாகனத்தின் குறைந்தபட்ச வேகத்தை, 254 என்ற மாறிலியை உராய்வுக் குணகத்தாலும் (ரயர் தரையைப் பற்றும் அளவைக் காட்டும் எண்) தடத்தின் நீளத்தாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, மணிக்குக் கிலோமீற்றரில் பெறலாம். உலர்ந்த தாருக்குக் குணகம் ஏறத்தாழ 0.7, தடம் 20 மீற்றர் என்றால் வேகம் 60க்குச் சற்றே குறைவு. ஆனால் எங்கள் வீதிகளில் விபத்துக்குள்ளாகுபவற்றில் மோட்டார் சைக்கிள்களே அதிகம் கண்ணில் படுகின்றன. பின்சில்லு மட்டும் இறுகிச் சறுக்கும்போது கிடைக்கும் தடுப்பாற்றல் ஏறத்தாழ பாதிதான். குணகத்தை 0.35 ஆகக் கொண்டால் அதே 20 மீற்றர் தடம் 42 கிலோமீற்றரையே காட்டும். தோட்டங்களிலிருந்து வரும் உழவு இயந்திரங்கள் செம்மண்ணை வீதியில் சிந்திவிட்டுப் போயிருந்தாலோ, மாரியில் தார் நனைந்திருந்தாலோ எண் இன்னும் இறங்கும். ஒருவரைக் குற்றவாளியாக்கவோ விடுவிக்கவோ இந்த வித்தியாசம் போதும் என்பதால், வேகத்தைத் தனியொரு எண்ணாக நான் எழுதுவதில்லை. எந்தக் குணகத்துக்கு எந்த வேகம் என்று அட்டவணையாகவே இணைக்கிறேன்.

மென்பொருளின் முழுப் பயனையும் நான் கண்டது ஒழுங்கை முகப்புகளை வரையும்போதுதான். கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கங்களில் உயர்ந்த மதில்களுக்கிடையே வரும் ஒழுங்கைகள் நேராகப் பிரதான வீதியில் வந்து முட்டுகின்றன. வலப்பக்க மதிலின் மூலை தாரின் விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே இருக்கிறது என்றும், மோட்டார் சைக்கிளில் வருபவர் அம்மதிலிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளி வருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அவருடைய கண் விளிம்பிலிருந்து 3 மீற்றர் பின்னே இருக்கும்போது, கண்ணையும் மதில் மூலையையும் இணைத்துக் கோடு நீட்டினால், விளிம்பிலிருந்து ஒன்றரை மீற்றர் உள்ளே வலப்பக்கமிருந்து வரும் வாகனம் மூன்றரை மீற்றருக்கும் குறைவான தூரத்திலேயே தென்படும். கண் இன்னும் ஒன்றரை மீற்றர் முன்னே வந்தால் 9 மீற்றர் வரை தெரியும். ஆனால் அப்போது முன்சில்லு தாரைத் தொட அரை மீற்றரே இருக்கும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனம் அந்த 9 மீற்றரைக் கடக்க முக்கால் விநாடிகூட ஆகாது. மனிதர் ஆபத்தைக் கண்டு பிறேக்கை அழுத்துவதற்கே பொதுவாக ஒன்றரை விநாடி கணக்கிடப்படுகிறது. பார்த்து வந்திருக்கலாமே என்று இரண்டு சாரதிகளையும் மாறிமாறிக் குறைசொல்லும் பேச்சு, பார்வைக் கோடும் மதிலும் அமைக்கும் இந்த முக்கோணத்தைத் தாளில் கண்டதும் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அந்த மதிலை எழுப்பியவரும், மூலையைச் சரித்து வெட்டச் சொல்லாத அதிகாரிகளும் அந்தத் தாளில் பங்காளிகளே என்பது என் உறுதியான கருத்து.

மோட்டார் சைக்கிளை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைக்க முடியாதா என்று கேட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையை இழந்த தாய் தந்தையரும் அவர்களில் அடங்குவர். அவர்களுடைய துயரம் எனக்கு விளங்குகிறது. அவர்கள் சொல்லும் நிலையைச் சாட்சி அடுக்கில் முறிகோட்டில் வரைந்து தருகிறேன். பூட்டிய அடுக்கைத் திறப்பதில்லை.

பிசி-கிராஷ் போன்ற, மோதலை இயற்பியல் விதிகளின்படி அசைத்துக் காட்டும் மென்பொருட்களும் இருக்கின்றன. வாகனத்தின் நிறை, நசுங்கலின் ஆழம், பயிற்சி பெற்ற நிபுணர் ஆகிய மூன்றும் கிடைக்காத இடத்தில் அசையும் படம் பார்ப்பவரை மேலும் நம்பவைக்குமேயன்றி மேலும் தெளிவாக்காது என்பதால், இப்போதைக்கு நிலைத்த தாளிலேயே நிற்கிறேன்.

இந்நாட்களில் புகையிரதக் கடவைகளுக்கான உருவங்களை வரைந்துகொண்டிருக்கிறேன். 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியபின், இரண்டு தசாப்தங்களுக்கும் மேலாக வண்டியே வராத பாதையைக் கடந்து பழகிய ஊர்களுக்குக் கடவை ஒரு புதிய ஆபத்தானது. புகையிரதம் விலகாது, சட்டென்று நிற்காது. ஆகவே தாளில் வேண்டியவை வீதியும் தண்டவாளமும் வெட்டும் கோணமும், இரு பக்கமும் பற்றை மறைக்கும் தூரமும்தான். வீதி சாய்வாகக் கடக்குமிடத்தில் சாரதி தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியிருப்பதால், கண்ணிலிருந்து புறப்படும் கோட்டைத் தலை திரும்பக்கூடிய அளவோடு சேர்த்தே அந்த உருவத்தில் அமைத்து வருகிறேன். படவரைஞர்களோ சட்டத்தரணிகளோ கேட்டால், வாகன உருவங்கள் அடங்கிய கோப்பை அனுப்பி வைப்பேன்.