வெள்ளையைத் தீட்டாதே

நம் சித்திர வகுப்பில் நீர்வர்ணத்துக்குச் சொல்லித் தந்த முதல் பாடம்: வெள்ளையைத் தீட்டாதே, தாளை விட்டுவிடு. வரைகலை, படப்பிடிப்பு, ஓவியம் என்று தொழில் மாறி மாறிப் போகிறவர்களுக்கு அந்தப் பாடம் முதலாவதில் கைகொடுக்கும், இரண்டாவதில் கவிழ்க்கும், மூன்றாவதில் பாதிதான் உதவும்.

அச்சில் அதே பாடம்தான். நாலு நிற இயந்திரத்தில் வெள்ளை மை இல்லை. மை படாத தாளே வெள்ளை. பெரிய கறுப்புப் பரப்பு அடர்த்தியாகத் தெரிய, 100% கறுப்போடு 40% அளவில் சையான் என்ற நீல மை சேர்ப்பது வழக்கம். அதன் நடுவே வெள்ளையில் விடும் தலைப்பெழுத்துக்கு அது சரி. 8 பாயிண்ட் போன்ற சிறு எழுத்துக்கு ஆகாது: இரண்டு மைக்கும் உரிய அச்சுப் பிளேட்டுகள் மயிரிழை விலகினாலே எழுத்தின் ஓரத்தில் நீலம் எட்டிப்பார்க்கும், ணகரச் சுழிகள் அடைந்துபோகும். சிறு எழுத்து உள்ள கட்டத்துக்குத் தனிக் கறுப்பே போதும்.

இன்னொரு கண்ணி ஓவர்பிரிண்ட்: அடியிலுள்ள நிறத்தை வெட்டி எடுக்காமல் அதன்மேலேயே அச்சடிக்கும் அமைப்பு. கறுப்பு எழுத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிறகு நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றினால், கணினியில் எழுத்து பளிச்சென்று இருக்கும். அச்சாகி வரும்போது அங்கே வெறும் பின்னணி. பிடிஎஃப் அனுப்புமுன் ஓவர்பிரிண்ட் பிரிவியூவைப் போட்டுப் பக்கம் பக்கமாகப் பாருங்கள்.

படப்பிடிப்பில் தாளை வெள்ளையாக விடுவதுதான் பிழை. நடிகர் கையிலுள்ள கடிதம் அலுவலகத் தாளில் இருந்தால், முகத்துக்கு அளந்த ஒளியில் தாள் வெளிறிவிடும். கமராவில் பதியாததை நிறத்திருத்தத்தில் மீட்க முடியாது. அதற்குத்தான் தேநீர்ச் சாயம். வரிசை முக்கியம்: ஆறிய வெறும் தேநீரில் தாளை நனைத்து, தட்டையாக உலர்த்தி, மேலே துணி விரித்து அயன் பண்ணி, அதற்குப் பிறகே அச்சடிக்க வேண்டும். முதலில் அச்சடித்தால் இங்க்ஜெட் மை கரைந்து ஓடும். கடிதத்தைக் கிழிக்கிற காட்சி என்றால் டேக்குக்கு ஒரு பிரதி. நாலு போதும் என்று இயக்குநர் சொன்னாலும் பத்து வைத்திருங்கள்.

எண்ணெய் வர்ணத்தில் வெள்ளை கடைசியில் டியூபுக்குள் வந்துவிடுகிறது. டைட்டேனியம் வெள்ளை நன்றாக மூடும். சிங்க் வெள்ளை மென்மையாகக் கலந்தாலும் ஆண்டுகள் போகப்போக விறைத்து வெடிக்கும், அடிப்பூச்சுக்கு வேண்டாம். வரைகலையிலிருந்து வருகிறவர்கள் எதை வெளிறச் செய்யவும் வெள்ளையையே எடுப்பார்கள், படம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகும். பச்சையை வெளிச்சமாக்க முதலில் கொஞ்சம் மஞ்சள், பிறகு வெள்ளை.

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தால் வர்ணத்திலுள்ள ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும், வெள்ளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பயந்துபோய்த் துடைக்க வேண்டாம். நேர்வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.