பின்காற்றில் துவளும் ஜிப் பாய்

ஜனவரியில் போர்ட் பிளேரிலிருந்து திருகோணமலைக்குப் பாய்மரப் படகில் வந்தால், சுமார் 700 கடல்மைலும் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்தே தள்ளும். சொகுசான ஓட்டம் என்றுதான் மதுரையில் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த வழியில் ராத்தூக்கத்தைக் கெடுப்பது முன்பக்கத்து ஜிப் பாய்தான். அலை பின்னாலிருந்து தூக்கிப் படகை உருட்டும்போது பாய் துவண்டு தொங்கும். மறுபக்கம் உருளும்போது டமாரென்று காற்றைப் பிடிக்கும். மாஸ்ட் என்கிற பாய்மரத்திலிருந்து அடித்தட்டு வரை அதிரும். இரவு முழுக்க இப்படி அடித்தால் தையலும் கயிறும் சீக்கிரமே போய்விடும்.

படகில் க்ரூவாக (பணியாளாக) சேரப்போகும் திருமங்கலத்துத் தம்பி ஒருவர், "காத்து பத்தலன்னுதானண்ணே துவளுது?" என்று கேட்டார். பாதி சரி. 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றில் படகு 6 நாட் வேகத்தில் ஓடினால் பாய்க்குக் கிடைப்பது 9 நாட் மட்டுமே. மீதிப் பாதி, உருளல். 15 மீட்டர் உயர மாஸ்ட் இரண்டு பக்கமும் 15 டிகிரி சாய்ந்தால் அதன் உச்சி கிட்டத்தட்ட 8 மீட்டர் தூரம் வீசி ஆடுகிறது. இரண்டரை வினாடியில் அவ்வளவு தூரம் என்றால் 6 நாட். காற்றின் பலத்தில் பெரும்பங்கை அந்த ஆட்டமே கலைத்துவிடுகிறது. போதாததற்கு மாஸ்டுக்குப் பின்னால் விரியும் பெரிய பாயான மெயின்செயில் வேறு ஜிப்புக்கு வரும் காற்றை மறைக்கிறது.

ஆகவே ஜிப் பாயின் பின்கீழ் மூலையை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். மெயின்செயிலுக்கு எதிர்ப்பக்கம் மாஸ்டிலிருந்து ஒரு போலை (நீளக் கம்பத்தை) நீட்டி அதன் நுனி வழியாக ஜிப் ஷீட்டை, அதாவது அந்த மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, கொண்டுபோக வேண்டும். இது பலருக்கும் தெரியும். போல் தன் சொந்தக் கயிறுகளில் நிற்க வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மேலே தூக்க டாப்பிங் லிஃப்ட், முன்னுக்கு இழுக்க ஃபோர்கை, பின்னுக்கு இழுக்க ஆஃப்டர்கை. பாய் துவண்டாலும் நிமிர்ந்தாலும் போல் அசையக் கூடாது.

அந்தத் தம்பிக்கு இதை விளாங்குடி வீட்டு மொட்டைமாடியில் ஆடிக்காற்றில் செய்து காட்டினேன். மூங்கில், தார்ப்பாய், கீழமாசி வீதியில் வாங்கிய நைலான் கயிறு. மூன்று கயிறும் விறைப்பாக இருக்கும்வரை தார்ப்பாய் சத்தமில்லாமல் நின்றது. முன்கயிற்றை அவிழ்த்ததும் மூங்கில் போய்வந்து அடிக்க ஆரம்பித்தது. "புரிஞ்சிருச்சுண்ணே, கட்டிருங்க" என்றார்.

கடலில் வரிசை முக்கியம். ஜிப் சுருட்டியே இருக்கட்டும். முதலில் போலை வைத்து மூன்று கயிற்றையும் இறுக்குங்கள். நுனி, பாயின் மூலை நிற்கும் உயரத்துக்கு வரட்டும். அப்புறம் பாயை விரித்து, அடிவிளிம்பு விறைக்கும்வரை ஷீட்டை இழுங்கள். தட்டையாக நிற்கும் பாய் உருளலையும் கொஞ்சம் தணிக்கும். தொளதொளவென்று விட்டால் அதுவே படகை ஆட்டும். மெயின்செயிலின் அடியில் இருக்கும் பூம் கட்டை மறுபக்கம் வீசாமல் பிடிக்கும் ப்ரிவென்டர் கயிற்றைக் கட்டாமல் இதைச் செய்யவே வேண்டாம். சுக்கான் பிடிப்பவர் நேர்ப்பின்காற்றில் ஓட்டாமல், போல் இருக்கும் பக்கம் 10 முதல் 15 டிகிரி காற்றை வைத்துக்கொண்டால் பூம் திடீரென மறுபக்கம் வீசி அடிக்கும் பயமும் குறையும்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. நடுராத்திரி மழைக்காற்று திடீரென ஏறினால் யாரும் முன்தளத்துக்கு ஓட வேண்டாம். சுக்கான் பிடிக்கும் காக்பிட்டிலிருந்தே ஷீட்டைத் தளர்த்தி, ஃபர்லர் (பாய் சுருட்டும் கருவி) கயிற்றை இழுத்துப் பாயைச் சுருட்டலாம். போல் அங்கேயே நிற்கும். காற்று இறங்கியதும் திரும்ப விரிக்கலாம். விடிந்ததும் போல் நுனியில் ஷீட் உரசும் இடத்தை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். நார் எழும்பியிருந்தால் ஷீட்டை ஒரு சாண் நகர்த்திவிடுங்கள்.