தலைவலியை இருமல் கணக்கில் எழுதிவிட்டோம்

என் மகளுக்கு 13 வயது. நுரையீரலின் காற்றுப்பைகளில் புரதமும் கொழுப்பும் தேங்கி அடைத்துக்கொள்ளும் அபூர்வ நோய் அவளுக்கு. மயக்க மருந்து கொடுத்து, ஒரு பக்க நுரையீரலால் மூச்சுவிட வைத்து, மறுபக்கத்தை உப்புநீரால் கழுவுவார்கள். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வந்த நீர், பாட்டில் பாட்டிலாகத் தெளிந்துகொண்டே வரும். கழுவியதும் மூச்சு சீரானது. நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம்தான் தலைவலி. இருமி இருமி வலிக்கிறது என்று நாங்களே முடிவுகட்டி மூன்று வாரம் ஓட்டினோம். ஒருநாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தாள். கேட்டால், "ரெண்டு ரெண்டா தெரியுதும்மா" என்றாள். அன்றே கிளம்பினோம்.

ஸ்கேனுக்குப் பிறகு முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். ஊசியோடு நிறுத்திய கண்ணாடிக் குழாயில் நீர் ஏறிக்கொண்டே போய் 38 சென்டிமீட்டரில் நின்றது. அந்த உயரம்தான் தலைக்குள் இருக்கும் அழுத்தத்தின் அளவு. கருப்பு மையில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, இருட்டில் விளக்குகள் போல வெள்ளை வளையங்கள். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, மூளை உறை வரை போய்விட்டது.

நுரையீரலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதம் இருந்தால்தான் காற்றுப்பைகளைத் துப்புரவு செய்யும் அணுக்கள் முதிரும். பூஞ்சையை விழுங்குவதும் அதே அணுக்கள். என் மகளின் உடலே அந்தப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. கழுவினால் அடைப்பு போகும், எதிர்ப்பொருள் போகாது. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் மருந்து சொட்டுசொட்டாக ஏறும். சற்று நேரத்தில் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். மருந்து பொட்டாசியத்தை இறக்கிவிடும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. கூடவே ஃப்ளூசைட்டோசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்து, மாத்திரையாக. ஆனால் தலைவலியை உடனே குறைத்தது மருந்தல்ல, அந்த முதுகு ஊசிதான். அழுத்தம் 25-ஐத் தாண்டும்போதெல்லாம் நீரை வடித்தார்கள். முதல்நாள் கத்தியவள், பிறகு தானாகவே முழங்காலை மடித்துச் சுருண்டு படுத்துக்கொள்வாள்.

இப்போது வீட்டில் தினமும் ஃப்ளுகோனசோல், அதுவும் பூஞ்சைக்கான மருந்துதான். ஒரு வருடமாவது ஆகும் என்றிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அவள் கேட்டது ஒன்றுதான்: "இன்னைக்கு எத்தனை?" கடைசித் தடவை 17.