ஒரு கிரேஹவுண்ட் இருந்த வீட்டில் இப்போது மூன்று

இரண்டாவது நாயைக் கொண்டுவந்தபோது, முதல் நாய்க்குத் துணை வேண்டும், அதனால்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம். பாதி பொய். ஆசை எங்களுக்குத்தான் இருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு வருடங்களில் பட்ட பாட்டில் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

முதல் நாய் ஜமீன். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட், வந்தபோது நான்கு வயது, 34 கிலோ, கருப்பு. பந்தய நாய்களுக்குப் போடுவது போல் காதில் பச்சை குத்தியிருந்தது. சோபாவைக் கண்ட அன்றே அதில் ஏறிக் காலை நீட்டிப் படுத்தவன் படுத்தவன்தான், அதனால் அந்தப் பெயர். இந்த இனத்தைப் பார்த்திராதவர்கள் நம்மூர் வேட்டை நாய்களான சிப்பிப்பாறையையோ கன்னியையோ நினைத்துக்கொள்ளுங்கள்: மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி விரட்டும் நாய், ஒட்டிய வயிறு, நீண்ட முகம், தலையைவிடத் தடித்த கழுத்து. சாதாரணக் கழுத்துப்பட்டை போட்டால் தலை வழியாக உருவிக்கொண்டு போய்விடும், இழுத்தால் கொஞ்சமாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டைதான் சரி.

அவனுக்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. படிக்கட்டு தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது (மூக்கை இடித்துக்கொண்டான்), கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினான். இதெல்லாம் பத்து நாளில் சரியாயிற்று. சரியாகாதது ஒன்றுதான்: தனிமை. யோசித்துப் பாருங்கள், பிறந்தது முதல் கூடப்பிறந்த குட்டிகளோடு, அப்புறம் கென்னலில் (பந்தய நாய்களை வைத்திருக்கும் கொட்டடி) பக்கத்தில் எப்போதும் இன்னொரு நாயோடு, சுற்றிலும் நாற்பது நாய்களின் சத்தத்தோடு இருந்தவனை ஒரு காலியான அறையில் விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குக் கிளம்பினால் அவன் என்ன நினைப்பான்? ஊளையிட்டான். கதவைப் பிறாண்டினான். ஒரு நாள் வாசல் மிதியடியை நூல் நூலாகப் பிரித்து வைத்திருந்தான்.

இன்னொரு நாய் வாங்குங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் இந்த மாதிரி நாய்களுக்கு வீடு தேடிக்கொடுக்கும் மீட்பு அமைப்பில் போய்க் கேட்டோம். அங்கிருந்த அம்மா மறுத்துவிட்டார். "இவன் முதலில் தனியா இருக்கப் பழகட்டும், அப்புறம் வாங்க" என்றார். எங்களுக்குக் கோபம். வேறு வழியில்லாமல் பழக்கினோம்: கதவுக்கு வெளியே முப்பது விநாடி, திரும்பி வருவது, அடுத்த நாள் இரண்டு நிமிடம், அப்புறம் ஐந்து, நடுவில் அவன் அழுதால் மறுபடி முதலிலிருந்து. மூன்று மாதம் ஆயிற்று நான்கு மணி நேரத்தைத் தொட. அந்த அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது, அதற்கு வருகிறேன்.

ஒரே ஒரு கிரேஹவுண்டோடு இருப்பது, உண்மையைச் சொன்னால், நாய் வளர்ப்பதிலேயே சுலபமான விஷயங்களில் ஒன்று. வேகத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியதுதான், ஆனால் ஓடுவது ஒரு நிமிடம், மிச்ச நேரமெல்லாம் தூக்கம். காலையும் மாலையும் அரை மணி நேர நடை போதும். குரைக்க மாட்டான். மல்லாந்து நான்கு கால்களும் நான்கு திசையைப் பார்க்கத் தூங்குவான், நின்றால் நம் தொடையில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நிற்பான். அவன் எப்போது தண்ணீர் குடித்தான், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறான் என்பது வரை எனக்கு அத்துப்படி. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அல்லி வந்தாள். அவளும் பந்தய நாய்தான், வெளிர் நிறம், 27 கிலோ. அறிமுகத்தை வீட்டில் வைத்துச் செய்யவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் பழக்கமில்லாத ஒரு திறந்த இடத்தில், இரண்டுக்கும் மஸில் எனப்படும் வாய்க்கூடு போட்டு (பந்தய நாய்களுக்கு அது புதிதல்ல, அதைப் போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கும்), நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு இடைவெளி விட்டு ஒரே திசையில் நடந்தோம். நேருக்கு நேர் முகம் பார்க்க விடவில்லை. நாற்பது நிமிடத்தில் இடைவெளி தானாகக் குறைந்தது. அப்படியே நான்கு பேரும் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தோம். இது நன்றாகவே நடந்தது, இதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கெட்டது ஐந்தாம் நாள். ஜமீன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான், நிறைய கிரேஹவுண்டுகள் அப்படித்தான். தூக்கத்தில் யாராவது தொட்டால் யார் எவர் என்று பார்க்காமல் உறுமிக் கடிக்க வருவான். இதற்குத் தூக்கத் திடுக்கிடல் என்று சொல்லலாம், கென்னலில் யாரும் தன் படுக்கைக்கு வராமல் வளர்ந்ததன் மிச்சம் என்பார்கள். நாங்கள் தூரத்திலிருந்தே பேர் சொல்லி எழுப்பப் பழகியிருந்தோம். அல்லிக்கு அதை யார் சொல்வது? சோபாவில் அவன் மேலேயே ஏறிப் படுக்கப் போனாள். ஒரு நொடிதான். பல் லேசாகத்தான் பட்டது, ஆனால் இவற்றுக்குத் தோல் காகிதம் மாதிரி, அடியில் கொழுப்பும் கிடையாது, தோள்பட்டையில் விரல் நீளத்துக்குக் கிழிந்து தொங்கியது. ஆறு தையல். அன்றிலிருந்து படுக்கைகளுக்கு நடுவே இடைவெளி, சாப்பாடு தனித்தனி அறையில், எங்கள் கண் இல்லாத நேரத்தில் நடுவில் குழந்தைகளுக்கு மாட்டும் தடுப்புக் கேட். தோட்டத்தில் ஓட விட்டால் எல்லோருக்கும் மஸில். ஒன்றுக்கு மட்டும் போடாதீர்கள், போட்டது தற்காத்துக்கொள்ள வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

நல்லதும் இருந்தது. ஜமீனுக்குப் படியேறக் கற்றுக்கொடுக்க நான் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஒரு வாரம் முதுகு ஒடிந்தேன். அல்லி அவன் ஏறுவதைப் பார்த்தாள், மறுநாள் ஏறினாள். எங்கே ஒன்றுக்குப் போவது, எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் அவன் பாடம் நடத்திவிட்டான். நாங்கள் வெளியே போனால் இரண்டும் சத்தமே இல்லாமல் தூங்கின. அடடா, சொன்னவர்கள் சொன்னது சரிதான் என்று நினைத்தோம்.

எட்டு மாதம் கழித்து அல்லிக்குப் பல் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. கென்னலில் வளர்ந்த நாய்களுக்குப் பல் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும், அவளுக்கு ஏழு பல் எடுத்தார்கள். (இங்கே ஒரு சின்னத் தகவல்: மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் கிரேஹவுண்டுகளோடு பழகியவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயோபென்டால் போன்ற சில மருந்துகள் இவற்றின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ரத்தப் பரிசோதனையிலும் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களைவிட அதிகமாக, 60 சதவீதத்தைத் தாண்டியும் வரும், தைராய்டு குறைவாகத் தெரியும், அது இவற்றுக்கு இயல்பு. இது தெரியாமல் ஆரோக்கியமான நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்த கதைகள் உண்டு.) அவளை மருத்துவரிடம் விட்டுவிட்டு நான் கடைக்குப் போய்த் திரும்பினால் தெரு முனையிலேயே ஊளை கேட்கிறது. ஜமீன். மூன்று மாதம் விநாடி விநாடியாகச் சேர்த்த சேமிப்பு காலி. எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவனை நாங்கள் தனியாக விட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் தனிமை குணமாகவில்லை, அல்லிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. இன்னும் மோசம், அல்லிக்குத் தனியாக இருக்க நாங்கள் கற்றுக்கொடுக்கவே இல்லை. அந்த அம்மா சொன்ன வார்த்தையின் அர்த்தம் அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. திரும்பவும் முப்பது விநாடியிலிருந்து ஆரம்பித்தோம், இந்தத் தடவை இரண்டு பேருக்கும்.

இவ்வளவுக்கும் அப்புறம் மூன்றாவது எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டு வாரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மீட்பு அமைப்பில் கேட்டார்கள், சரி என்றோம், அவ்வளவுதான். கில்லி ஒரு லர்ச்சர். லர்ச்சர் என்பது தனி இனம் இல்லை, கிரேஹவுண்ட் மாதிரி ஒரு ஓட்ட நாயை டெரியர் என்ற வேட்டை நாயோடோ மந்தை மேய்க்கும் நாயோடோ கலந்தது. உடம்பு ஓட்ட நாயுடையது, மூளை மற்றதுடையது. கிரேஹவுண்ட் மேசை மேல் இருக்கும் வெண்ணெயைப் பார்த்துப் பெருமூச்சு விடும். லர்ச்சர் நாம் அறையை விட்டுப் போகும் வரை தூங்குவது போல் நடிக்கும். முதல் வாரத்திலேயே கதவின் கைப்பிடியை அழுத்தித் திறக்கத் தெரிந்துகொண்டான், தெரிந்துகொண்டு மற்ற இருவரையும் சமையலறைக்குள் விட்டான். திராட்சையும் சாக்லேட்டும் நாய்களுக்கு விஷம், ஆகவே இப்போது எங்கள் வீட்டில் எல்லாமே நெஞ்சுயர அலமாரிக்கு மேலே. குரைக்கவே தெரியாத ஜமீன் அவனிடம் குரைக்கவும் கற்றுக்கொண்டான். பெயர் வேறு பெரிய தப்பு. அல்லி என்றால் கில்லி வருகிறான், கில்லி என்றால் அல்லி எழுந்திருக்கிறாள். இரண்டாவது நாய் வாங்குகிறவர்கள் பெயரை வாய் விட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள்.

நடைதான் தலைகீழாக மாறியது. மூன்றும் சேர்ந்தால் 85 கிலோ, நான் 58. ஒரு நாள் காலை முயல் ஒன்று குறுக்கே ஓடியது. கில்லி பார்த்தான், அல்லி கில்லியைப் பார்த்தாள், ஜமீன் எதையும் பார்க்கவில்லை, ஆனால் மூன்றும் ஒரே நொடியில் பாய்ந்தன, நான் முகம் குப்புறப் போனேன். மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு. பக்கத்து வீட்டுப் பூனையை ஒண்டியாக இருந்த காலத்தில் ஏறெடுத்தும் பார்க்காத அதே ஜமீன், இப்போது அது மதில் மேல் வந்தால் மற்ற இருவரோடு சேர்ந்து எகிறுகிறான். கூட்டமாக இருந்தால் அவர்கள் வேறு நாய்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் ஏறவில்லை. இப்போது ஒரு ஆளுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது, நீண்டு சுருங்கும் கயிறு வீட்டிலேயே கிடையாது (அந்த நீளத்தில் இவை வேகமெடுத்துவிட்டால் கழுத்தோ நம் விரலோ போகும்), சின்ன நாய்களைக் கண்டால் எதிர்ப்பக்கம்.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மூன்று மடங்கு, அதற்கு மேலும். குளிருக்குக் கோட்டு, படுக்கை, கார், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள். ஒரு நாயைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும் நண்பர்கள் மூன்று என்றதும் போனை எடுப்பதில்லை. இது கணக்குப் போட்டால் முன்கூட்டியே தெரிகிற விஷயம், அதனால் விடுகிறேன்.

கணக்கில் வராதது வேறு. காலையில் எழுந்து பார்த்தால் கூடத்தில் வாந்தி. யாருடையது? மூன்று முகமும் அப்பாவி முகம். தோட்டத்தில் ஒருவருக்கு வயிறு போகிறது, யாருக்கு என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் பின்னாலேயே அலைந்தேன். போன வருடம் ஜமீன் நொண்டினான். நொண்டினான் என்று நான் கண்டுபிடித்தது வீட்டுக்காரர் எடுத்த ஒரு வீடியோவில், அதுவும் அது ஆரம்பித்துக் குறைந்தது மூன்று வாரம் ஆகியிருக்கும். எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பான் என்று தெரிந்து வைத்திருந்தவள் நான். இந்த இனத்தில் எலும்புப் புற்று அதிகம், நொண்டினால் எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது, முடிவு வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பாதத்தில் வெறும் கால் ஆணி. இதுவும் கிரேஹவுண்டுகளுக்கு அடிக்கடி வருவதுதான், கெட்டியான தரையில் நடந்தால் குத்தும், மண்ணில் நடந்தால் தெரியாது. நாங்கள் மூன்றையும் கூட்டிப்போவது மண் பாதையில். அதனால்தான் தெரியவில்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், மூன்றில் அதிகம் தொந்தரவு கொடுக்காதவன் அவன், தொந்தரவு கொடுக்காதவனைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை.

ஒரு நாயோடு இருந்தபோது அது தானாக நடந்தது, இப்போது அதற்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு ஒரு தனி நடை, மற்ற இருவரும் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை இரவு மூன்று பேரின் தோலையும் பாதத்தையும் பல்லையும் தடவிப் பார்ப்பேன், பேர் எழுதிய நோட்டில் ஒரு வரி. தனியாகப் போனால் கில்லி பயந்தாங்கொள்ளி என்பது இப்படித்தான் தெரிந்தது, குப்பைத்தொட்டி மூடி அடித்தால் என் காலுக்கு நடுவில் வந்து ஒளிகிறான். வீட்டில் அவன் அட்டகாசத்தைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஒன்று போதுமா என்று கேட்டு எனக்குச் செய்தி அனுப்புகிறவர்களுக்கு நான் சொல்வது, உங்களிடம் இருக்கும் நாய் உங்களை விட்டுவிட்டுத் தனியாக நான்கு மணி நேரம் தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள் என்பதுதான். தூங்கினால், இன்னொன்றைக் கொஞ்ச நாளுக்கு ஃபாஸ்டராக, அதாவது தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள, வாங்கிப் பாருங்கள். தூங்கவில்லை என்றால் இன்னும் வாங்காதீர்கள். மூன்றாவதைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், கில்லி இப்போது என் தலையணையில் படுத்திருக்கிறான், நான் நியாயமாகப் பேச மாட்டேன்.

ஜமீனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் தனி நடை சனிக்கிழமை. வந்த புதிதில் போலவே, பாதி வழியில் திடீரென்று சிலை மாதிரி நின்றுவிடுவான், இழுத்தாலும் வர மாட்டான். மற்ற இருவரோடு போகும்போது இந்தப் பழக்கம் இல்லை, விட்டுவிட்டான் என்றே நினைத்திருந்தேன். போன வாரம் திருப்பத்தில் பத்து நிமிடம் நின்றோம், அவன் என் தொடையில் சாய்ந்துகொண்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.